சிவப்பு இருபது பென்ஸ்

இந்த ஊரில் தமிழர் யாருக்காவது நசுங்கிய காசு ஒன்று கிடைத்தால் அது சுற்றிச் சுற்றி என் கைக்கு வந்துவிடும். கலியாண வீட்டில் சோற்றுத் தட்டோடு நிற்கும்போது வரும். செத்த வீட்டில், பெட்டியை இன்னும் மூடாத நேரத்தில், ஒருவர் கோட்டுப் பையிலிருந்து எடுத்து நீட்டியிருக்கிறார். நான் வேலை செய்யும் மருந்துக் கடை குரொய்டனில் இருக்கிறது. அங்கே பிரஷர் குளிசைக்கு வந்த ஐயா ஒருவர் மருந்துச் சீட்டோடு சேர்த்து ஒரு இரண்டு பவுண் காசையும் என் பக்கம் தள்ளினார்.

"பிள்ளை, இது மின்ட் பிழையோ எண்டு ஒருக்காப் பாருங்கோ. ஆயிரக்கணக்கிலை போகுமாம். வீடியோவிலை காட்டினவங்கள்."

அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே இருமிக்கொண்டு நிற்கிறது. நான் காசைத் திருப்பிப் பார்த்தேன். யாரோ சுத்தியலால் அடித்து நடு வட்டத்தைக் கழற்றப் பார்த்திருக்கிறார்கள். "இது பிழை இல்லை ஐயா, சேதம்" என்றேன். நானே சுத்தியலை எடுத்து அடித்ததுபோல அவர் என்னைப் பார்த்தார்.

நாணயம் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. மாதத்துக்கு ஒருமுறை ஒரு சேர்ச் மண்டபத்தில் கூடும் சங்கத்துக்குப் போகிறேன். அங்கே ஆளுக்கொரு கிறுக்கு. ஒருவருக்கு ரோமக் காசு, ஒருவருக்குப் பழைய வெள்ளி. என் கிறுக்கு பிழைக் காசு. மின்ட் என்கிற, காசு அடிக்கிற சாலையில் இயந்திரம் தடுமாறி, காவல் கண்களுக்குத் தப்பி வெளியே வந்துவிட்ட காசு. இதைத் தெரியாத்தனமாக ஒரு பிறந்தநாள் விழாவில் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அன்று பிடித்த சனி இன்னும் விடவில்லை.

புரிந்துகொள்ள வேண்டியது மிகச் சின்ன விஷயம். காசு முதலில் வெறும் உலோக வட்டு. மேலே ஓர் அச்சு, கீழே ஓர் அச்சு, நடுவில் வட்டு, ஒரே அமுக்கு. சாலைக்குள் நடக்கிற கோளாறு பிழை. சாலையின் வாசல் படலையைத் தாண்டிய பிறகு நடப்பதெல்லாம் சேதம். ஓர் எழுத்து நசுங்கியிருந்தால், நசுங்கிய உலோகம் பக்கத்தில் எங்கேயாவது பிதுங்கி நிற்கும். உலோகம் காற்றில் கரைந்து போவதில்லை, தள்ளிய இடத்தில் கிடக்கும். பிழைக் காசில் அந்தப் பிதுங்கல் இராது, ஏனென்றால் அதை யாரும் தள்ளவில்லை, அது பிறந்ததே அப்படி. இவ்வளவுதான். இதை நான் எத்தனை வகையாகச் சொல்லிப் பார்த்தும் ஒருவருடைய காதிலும் ஏறியதில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. "நீங்கள் வடிவாப் பாக்கேல்லை" என்பார்கள். பதினைந்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியால் பார்த்தவளுக்கு இந்தப் பதில். இவர்கள் தலைவலிக்கு நான் கொடுக்கும் மாத்திரையை மட்டும் கேள்வி கேட்காமல் விழுங்குவார்கள்.

எல்லோரையும் ஒரு தட்டில் வைத்து என் அத்தானை மறு தட்டில் வைத்தால் அத்தானின் தட்டுத்தான் தாழும். அக்காவின் கணவர். தோர்ண்டன் ஹீத்தில், காசு போட்டுத் துணி துவைக்கும் லாண்டரி ஒன்றில் வேலை செய்கிறார். இயந்திரங்களைத் துடைப்பது, பெரிய போர்வைகளை ஏற்றி இறக்குவது, ஏதாவது சிக்கிக்கொண்டால் கழற்றி எடுப்பது எல்லாம் அவர்தான். அந்தக் கடையின் உலர்த்தும் இயந்திரங்களைப் போலச் சேதக் காசு உற்பத்தி செய்யும் இடம் இந்த நாட்டில் வேறு இல்லை. காற்சட்டைப் பையில் மறந்துபோன காசு, சுழலும் உருளைக்கும் அதன் விளிம்புக்கும் நடுவிலுள்ள இடுக்கில் போய் மாட்டிக்கொள்ளும். மாதக்கணக்கில் அங்கேயே உருண்டுகொண்டு கிடக்கும். விளிம்பு உள்பக்கமாகச் சுருண்டு தடிக்கும், காசு சிறுக்கும், எழுத்துகள் ஓரத்தில் புதைந்துபோகும். பார்த்தால் பிறவியிலேயே குள்ளமாகப் பிறந்த காசு என்றுதான் தோன்றும். எங்கள் சங்கத்திலேயே அதைப் பார்த்து ஏமாந்தவர்கள் உண்டு.

அத்தான் அவற்றைக் கைலேஞ்சியில் சுற்றிக்கொண்டு வருவார். மேசையில் மெதுவாக அவிழ்ப்பார்.

"மச்சாள், இது கட்டாயம் மின்ட் பிழைதான்."

"இல்லை அத்தான். ட்ரையர் திண்ட காசு."

"விளிம்பைப் பாருங்கோ, எவ்வளவு வடிவாத் திரண்டிருக்கு. ட்ரையருக்கு இப்பிடிச் செய்யத் தெரியுமோ?"

"தெரியும். போன மாசமும் செய்தது."

குடும்பத்தில் அது ஒரு பழமொழியாகவே ஆகிவிட்டது. யாராவது மெலிந்து வந்தால், ட்ரையர் தின்றுவிட்டதா என்று கேட்பார்கள். அத்தானும் கூடச் சிரிப்பார். ஆனால் காசைத் திரும்பச் சுற்றிப் பைக்குள் வைக்கும்போது அவருக்குச் சிரிப்பு வராது. ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டேன், உங்களுக்கு என்ன குறை, ஏன் இப்படி இந்தக் காசின் பின்னால் அலைகிறீர்கள் என்று.

"விலைக்கில்லை மச்சாள்" என்றார். "ஒரு நாளாவது நீங்கள் ஓம் எண்டு சொல்லவேணும். இது நான் கெடுத்ததில்லை, வரேக்கையே இப்பிடித்தான் வந்தது எண்டு."

அந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். அவர் அகதியாக வந்திறங்கிய நாளில், பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்ட அதிகாரி பிறந்த வருடத்தைப் பிழையாக எழுதிவிட்டார். அத்தான் ஒரு வருடம் சொல்ல, தாளில் நான்கு வருடம் பிந்தி விழுந்தது. அப்போது அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் இருந்த தாளில் அவரே கையெழுத்தும் போட்டார். அன்று முதல் எல்லாத் தாள்களும் அந்தத் தாளைப் பார்த்தே பிறந்தன. உடம்பின் கணக்கில் பென்ஷன் எடுத்துக்கொண்டு வீட்டில் இருக்கவேண்டிய மனிதர், தாளின் கணக்கில் இன்னும் ஈரப் போர்வை தூக்குகிறார்.

அத்தானும் அக்காவும் அதைத் திருத்தித் தரும்படி விண்ணப்பித்தார்கள். ஊரிலிருந்து பிறப்புப் பத்திரம் வந்தது. பதிவகம் சண்டையில் எரிந்துபோனதால் உலகத்தில் அந்த ஒரு பிரதிதான். மழை ஈரத்தில் வருடத்தின் கடைசி இலக்கம் மங்கியிருந்தது. கொண்டுபோய்க் கொடுக்கும் நாள் காலையில், அதிகாரிக்கு வடிவாகத் தெரியட்டும் என்று என் அக்கா நீலக் குமிழ்முனைப் பேனாவை எடுத்து, அந்த இலக்கத்தின் மேலேயே தடிப்பாக இழுத்துவிட்டாள். நல்ல நோக்கம்தான். அவளுடைய நோக்கங்களில் ஒருநாளும் பழுது இருந்ததில்லை. திருத்தப்பட்ட பத்திரம் செல்லாது என்று பதில் வந்தது. பிறகு எந்தக் கதவைத் தட்டினாலும், நீங்கள்தான் பிழையாகச் சொல்லியிருப்பீர்கள், நீங்கள்தான் திருத்தியிருக்கிறீர்கள் என்ற ஒரே பாட்டு.

இப்போது அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

லாண்டரியில் ஒரு பெண் சத்தம் போட்டிருக்கிறாள். அவள் போடும் இருபது பென்ஸ் காசை இயந்திரம் திரும்பத் திரும்பத் துப்புகிறது. அத்தான் தன் பையிலிருந்து வேறொரு காசைக் கொடுத்து அவளைச் சமாதானப்படுத்திவிட்டு, துப்பிய காசை எடுத்துப் பார்த்திருக்கிறார். இருபது பென்ஸ் எங்கள் எல்லோருக்கும் தெரிந்த ஏழு மூலை வெள்ளைக் காசு. இது சிவப்பு. ஒரு பென்ஸ் காசு இருக்குமே, அந்தச் செம்பு நிறம். உடனே எனக்கு ஃபோன் எடுத்தார்.

"ஆரும் பள்ளிக்கூடப் பிள்ளை செம்பு பூசி விளையாடியிருக்கும்" என்றேன். மருந்துச் சீட்டோடு வந்தவர்களுக்கும் டாக்டருக்கும் நடுவில் நின்று அன்று முழுக்கக் கத்திக் களைத்திருந்தேன். "சரி, நாளைக்குக் கொண்டு வாங்கோ, பாப்பம்."

"நாளைக்கு வெள்ளிக்கிழமை."

"அதுக்கென்ன?"

"வெள்ளிக்கிழமையிலை காசு வீட்டாலை வெளிய போகக்கூடாது எண்டு அக்கா விடமாட்டா. சாமித்தட்டிலை வச்சிட்டு, சனி எடுத்துக்கொண்டு வாறன்."

எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாய் வந்தன. வெள்ளிக்கிழமையில் இந்த அக்கா சூப்பர்மார்க்கெட்டுக்குப் போகிறாள், பஸ்ஸில் போகிறாள், கார்டால் செலவழித்தால் இலட்சுமிக்குத் தெரியாது போலிருக்கிறது. காசாக இருந்தால் மட்டும் கதவு சாத்தியிருக்கும். சரி, எப்படியும் சேதக் காசுதானே, சாமித்தட்டில் கிடக்கட்டும் என்று ஃபோனை வைத்தேன்.

சனிக்கிழமை வந்தார். என் குசினி மேசையில் கைலேஞ்சியை அவிழ்த்தார். காசு பளபளவென்று இருந்தது. அந்தப் பளபளப்பே எனக்குப் பிடிக்கவில்லை. தராசில் வைத்தேன். இருபது பென்ஸ் ஐந்து கிராம் இருக்கவேண்டும். செம்பு பூசியிருந்தால் அதற்கு மேலே ஒரு துளி கூடும், குறையாது. தராசு மூன்றரை என்றது. நான் காசை எடுத்துவிட்டுத் தராசைத் தட்டி மறுபடி வைத்தேன். மூன்றரை. ஒரு பென்ஸ் காசின் நிறை.

காந்தத்தை எடுத்தேன். வெள்ளை இருபது பென்ஸ் காந்தத்துக்கு அசையாது. இது டக்கென்று பாய்ந்து ஒட்டியது. இப்போதைய ஒரு பென்ஸ் காசு உள்ளே இரும்பு, மேலே செம்பு. கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஏழு மூலைகளும் நிரம்பாமல் வழுவழுவென்று மழுங்கி நின்றன. அச்சின் மூலைவரைக்கும் போக இந்தச் சின்ன வட்டுக்கு உலோகம் போதவில்லை. ஒரு பிதுங்கலும் இல்லை. ஒரு பென்ஸுக்கென்று வெட்டிய வட்டு, எப்படியோ தவறி, இருபது பென்ஸ் அச்சுக்கு நடுவில் போய் விழுந்திருக்கிறது. படத்தில் பார்த்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் கையில் தொட்டதில்லை.

கண்ணாடியை இன்னும் கிட்டக் கொண்டுபோனேன். அப்போதுதான் கண்டேன். அரசியின் முகம் முழுக்கக் கோடு. நெற்றியில் கோடு, கழுத்தில் கோடு, வட்டம் வட்டமாகக் கோடு. கன்னத்தில் செம்பே போய், உள்ளே இருந்த இரும்பு வெள்ளையாய்ப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது.

"ஆர் இதை உரஞ்சினது?"

அத்தான் என் சத்தத்தில் கதிரையோடு பின்னால் போனார். "ஆரும் உரஞ்சேல்லையே. சாமித்தட்டிலைதான்..." என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவருக்கும் விளங்கிவிட்டது. நேற்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் அக்கா சாமித்தட்டிலிருக்கும் விளக்கு, செம்பு, தட்டு, மணி எல்லாவற்றையும் கழுவுதொட்டிக்குள் இறக்கிப் புளி போட்டு மினுக்குவாள்.

ஃபோன் எடுத்தேன்.

"ஓம், நான்தான் மினுக்கினன்" என்றாள் அக்கா, ஏதோ உபகாரம் செய்தவளின் குரலில். "வெள்ளைக் காசு, கறை பிடிச்சுச் சிவந்துபோய்க் கிடந்தது. சாமிக்கு முன்னாலை அப்பிடி வைக்கிறதே? புளி போட்டன், உப்புப் போட்டன், தேசிக்காய் விட்டன். அசையேல்லை. பிறகு சட்டி தேய்க்கிற கம்பிச் சுருளாலை உரஞ்சினன். அந்தக் கன்னத்திலை மட்டும் கொஞ்சம் வெளுக்கத் தொடங்கினது. கை நொந்துபோச்சு, விட்டிட்டன். நீ வேணுமெண்டால் மிச்சத்தை உரஞ்சு."

நான் என்ன சொன்னேன் என்று இங்கே எழுதமாட்டேன். அக்கா பெரியவள், அவளுக்கு அப்படியெல்லாம் சொல்லக்கூடாது. பிழைக் காசைத் தண்ணீரால்கூடக் கழுவக்கூடாது என்றேன். அப்படியானால் அழுக்கோடு வைப்பீர்களா என்றாள். சுவரில் போய் முட்டலாம் போல இருந்தது. காசைப் புளி போட்டுத் தேய்க்க வெள்ளைக்காரர் யாருக்காவது தோன்றுமா? இந்தக் காசு நாடு முழுக்க எத்தனை கடை, எத்தனை பை, எத்தனை கல்லாப்பெட்டி என்று சுற்றியிருக்கும். ஒரு கீறல் இல்லாமல் வந்திருக்கிறது. வந்து எங்கள் வீட்டில் ஒரேயொரு வெள்ளிக்கிழமை தங்கியது.

அத்தான் மேசைக்கு அந்தப் பக்கத்தில் பொறுமையாக இருந்தார். நான் ஃபோனை வைத்ததும், "அப்ப, மச்சாள், இது..." என்று தொடங்கினார்.

"எல்லாம் நாசம் அத்தான்" என்றேன். "கைக்கெட்டினது வாய்க்கெட்டேல்லை." அவர் தலையை ஆட்டிவிட்டுக் கைலேஞ்சியை எடுத்தார்.

மனம் கேட்கவில்லை. அடுத்த கிழமை, நகர நடுவில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடக்கும் நாணயச் சந்தைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். பிழைக் காசு மட்டும் வாங்கி விற்கும் ஒரு வயதான வெள்ளைக்காரர் அங்கே மேசை போடுவார். அதிகம் பேசமாட்டார். காசை வாங்கி நிறுத்தார், காந்தம் காட்டினார், கண்ணில் கண்ணாடியைச் செருகினார். முதலில் உதடு விரிந்தது. பிறகு சுருங்கியது. கண்ணாடியைக் கழற்றாமலே, இதை யார் செய்தது என்று கேட்டார். கொலை நடந்த வீட்டில் கேட்கிற மாதிரிக் கேட்டார். நான் அத்தானைப் பார்த்தேன், அத்தான் கூரையைப் பார்த்தார்.

காசு உண்மையானது, சந்தேகமே இல்லை என்றார் அவர். வட்டு மாறி அடிபட்ட காசு. தேய்க்காமல் கொண்டுவந்திருந்தால் இந்த மண்டபத்தில் ஆளுக்கு ஆள் கேட்டிருப்பார்கள். இப்போது ஒரு விளையாட்டுப் பொருளின் விலைதான். அதைச் சொல்லி ஒரு சின்னத் தொகையும் சொன்னார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அத்தான் என் கையைச் சுரண்டினார். "மிஸ்டேக் ஆற்றை எண்டு கேளுங்கோ."

கேட்டேன். மின்டின் பிழைதான், வேறு யாருடையது என்றார் அவர், இதென்ன கேள்வி என்ற மாதிரி.

"இன்னொருக்காச் சொல்லச் சொல்லுங்கோ."

"அத்தான்!"

அவர் தானே தன் இங்கிலீஷில் கேட்டார். அந்த மனிதர் இன்னொருமுறை, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். அத்தான் நன்றி சொல்லி, காசைத் திரும்ப வாங்கி, கைலேஞ்சியில் சுற்றினார். விற்கவில்லை.

திரும்பிவரும் ரயிலில் நான் புளியையும் கம்பிச் சுருளையும் ஏசிக்கொண்டே வந்தேன். பக்கத்திலிருந்தவர் எழுந்துபோய் வேறு இடத்தில் இருந்துகொண்டார். அத்தான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். செல்ஹர்ஸ்ட் ஸ்டேஷன் தாண்டியபோது, "நீங்கள் என்ன சொல்லுறியள் மச்சாள்?" என்று கேட்டார்.

"நான் சொல்ல என்ன இருக்கு? அந்த மனுசன் சொன்னதுதான். நாசமாப் போச்சு."

"அதுவும் சொன்னவர்தான், மின்டின்ரை பிழை எண்டும் சொன்னவர்" என்றார்.

சில கிழமைகள் கழித்துப் பிறந்த வருட விஷயமாக மறுபடி ஓர் அலுவலகத்தில் கூப்பிட்டார்கள். மொழிபெயர்க்க நான் கூடப் போனேன். அத்தானுக்கு லாண்டரியில் சண்டை பிடிக்க இங்கிலீஷ் உண்டு, மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி இருந்தால் எல்லாம் தொண்டைக்குள் போய்விடும். அங்கே இருந்தவள் இளம் பெண், மிகவும் மரியாதையானவள். அந்த மரியாதைதான் என்னைக் கொல்வது. ஏசினால் திருப்பி ஏசலாம். அவள் பிறப்புப் பத்திரத்தை மேசையில் வைத்தாள். நீலப் பேனா இழுத்த இலக்கத்தை விரலால் தொடாமல் காட்டினாள். இது திருத்தப்பட்டிருக்கிறது, இதை ஏற்றுக்கொள்ள முடியாது, மிகவும் வருந்துகிறேன் என்றாள். சொல்லிவிட்டுக் கணினியில் அடுத்த பக்கத்தைத் திறந்தாள்.

அத்தான் கோட்டுக்குள் கையை விட்டார். கைலேஞ்சி வெளியே வந்தது. "அத்தான், இஞ்ச வேண்டாம்" என்றேன். அதற்குள் காசு மேசையில், பத்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

"சொல்லுங்கோ மச்சாள். காசு அடிக்கிற இடமே பிழை விட்டிருக்கு. அவ்வளவு மெஷின், அவ்வளவு காவல். என்ர வருசத்தை எழுதினது ஒரு மனுசன். அவர் பிழை விட்டிருக்க ஏலாதோ எண்டு கேளுங்கோ."

வெட்கத்தோடுதான் மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் உண்மையாகவே ஆர்வத்தோடு காசை எடுத்தாள். திருப்பினாள். அரசியின் வெளுத்த கன்னத்தைப் பெருவிரலால் தடவினாள்.

யாரோ இதைச் சேதப்படுத்தியிருக்கிறார்கள் போலிருக்கிறதே என்றாள், மெதுவாக, எங்கள் மனம் நோகாமல்.

எத்தனை கலியாண வீட்டில், எத்தனை பேருடைய முகத்துக்கு நேரே நான் சொன்ன வசனம். இன்னொருத்தியின் வாயிலிருந்து அது வந்தபோது எனக்கு உச்சியில் ஏறிவிட்டது.

சேதம்தான் என்றேன். தேய்த்தது நாங்கள்தான், என் அக்காதான், புளியாலும் கம்பியாலும் தேய்த்தாள். ஆனால் தேய்த்தால் வெள்ளைக் காசு சிவக்காது. தேய்த்தால் ஐந்து கிராம் மூன்றரையாகாது. என் சாவிக் கொத்தில் எப்போதும் ஒரு காந்தம் கிடக்கும். அதை எடுத்துக் காசுக்குக் கிட்ட நீட்டினேன். காசு அவள் விரலை விட்டுப் பாய்ந்து ஒட்டியது. அவள் சின்னதாகத் திடுக்கிட்டாள். இது உங்கள் நாட்டுக் காசுச் சாலையிலிருந்து வரும்போதே பிழையாக வந்தது என்றேன். மேலே இருக்கிற கீறலைப் பார்த்து அடியில் இருப்பதை இல்லை என்று சொல்லாதே. என் குரல் உயர்ந்திருக்க வேண்டும், கதவடியில் நின்ற காவலாளி இரண்டு அடி உள்ளே வந்தார்.

நான் நிற்பாட்டவில்லை. பிறப்புப் பத்திரத்தை எடுத்துத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன். நீலப் பேனா மேலோடு நின்றுவிட்டது. பழைய கறுப்பு மை தாளுக்குள் ஊறி, பின்பக்கத்தில் மங்கலாக, அதே இலக்கமாக நின்றது. அக்கா வேறெதையும் எழுதவில்லை, இருந்ததன் மேலேதான் இழுத்திருந்தாள். இத்தனை வருடத்தில் எத்தனை அதிகாரிகள் இந்தத் தாளைக் கையில் எடுத்திருப்பார்கள். ஒருவராவது திருப்பிப் பார்த்தார்களா என்று கேட்டேன். நானாவது ஏன் திருப்பிப் பார்க்கவில்லை என்று எனக்கே என்மேல் எரிந்தது, அந்த எரிச்சலையும் சேர்த்து அவள் தலையில்தான் கொட்டினேன்.

அவள் எழுந்துவந்து வெளிச்சத்தில் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள். பிறகு, பின்பக்கத்தையும் படியெடுத்து மேலதிகாரிக்கு அனுப்புவதாகச் சொன்னாள். முடிவு எப்போது வரும், என்ன வரும் என்று தன்னால் சொல்லமுடியாது என்றாள். மிகவும் வருந்துவதாகவும் சொன்னாள். இதையெல்லாம் நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். பெரிய நம்பிக்கை ஒன்றும் எனக்கு வரவில்லை, இன்றைக்கும் இல்லை.

வெளியே பஸ் தரிப்பில் நின்றோம். தூறல். இப்படிக் கத்தி விஷயத்தைக் கெடுத்துவிட்டேனோ என்று எனக்குப் பயமாக இருந்தது. அத்தான் அக்காவுக்கு ஃபோன் எடுத்தார்.

"ஓம், முடிஞ்சுது... இல்லை, வருசத்தைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை. மேல அனுப்புவினமாம்... காசைக் காட்டினனான். அவ சேதம் எண்டு சொன்னவ."

அக்கா அந்தப் பக்கத்தில் ஏதோ பெரிதாகச் சொன்னாள். அவர் ஃபோனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். மற்றக் கையில் காசு இருந்தது. காசின் முகத்தில் விரல் படக்கூடாது என்று நான் எத்தனை தரம் கத்திச் சொல்லியும் கேட்காதவர், அன்றைக்கு அதை விளிம்பில் மட்டும், இரண்டு விரலால் பிடித்திருந்தார்.

"அவ சொன்னால் சொல்லட்டும்" என்றார் ஃபோனில். "மச்சாள் ஓம் எண்டு சொல்லிப்போட்டா. எல்லாருக்கும் கேக்கிற மாதிரிச் சொன்னவ."